தவளை தின்ற மருந்து

"ஹலோ... ஹலோ, பாளையங்கோட்டை காலேஜா?... ஜுவாலஜி சௌந்தரபாண்டியன் சாரக் கூப்பிடுங்க... அவங்க அக்கா பேசுதேன், சங்கரன்கோவில்லயிருந்து... ஆமா, ஆமா, அவசரந்தான். லைன்லயே இருக்கேன்."

ஞானபூரணம் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கார்த்திகை மழை காலையில்தான் விட்டிருந்தது. உரமும் பூச்சிமருந்தும் விற்கும் அவளுடைய கடை மேசைமேல் ஒரு தாள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தது. கீழே கைநாட்டுக்கு இடம் விட்டிருந்தார்கள். பெருவிரல் வைக்கவேண்டிய பிச்சையா கடை வாசலில் குத்தவைத்திருந்தான். என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்லக் கேட்டு வந்தவன். அவள் வாசித்துவிட்டாள். இன்னும் சொல்லவில்லை.

"தம்பியா?... நாந்தான்... இல்லல, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். பிச்சையா மக செத்துப்போச்சு... குளத்தடி வயல்ல மருந்தடிப்பாம்லா, அந்தப் பிச்சையா... முருகம்மா. ஏழு வயசு... முந்தாநாளு."

பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"தவளைக்கறி தின்னுருக்காங்க... அதான், தவளைக்கால ஏத்துமதி பண்ண கேரளாக்காரன் வேன்ல வந்து எடுப்பாம்லா, அதுக்குப் பிடிச்சது. அன்னைக்கு வேன் வரல. வீணாப் போகுதேன்னு அவன் பொண்டாட்டி முத்துத்தாய் குழம்பு வச்சிருக்கா... அவ பிழைச்சுக்கிட்டா, ஆஸ்பத்திரில கிடக்கா. இவன் வீட்டுல இல்ல, சாப்பிடல... பிள்ளைக்குத்தான் வெட்டி வெட்டி இழுத்திருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே... ம்."

"ஸ்டேஷன்ல தேரைன்னு எழுதியிருக்காங்க தம்பி. தவளையோட தேரையையும் தெரியாமச் சேத்துப் பிடிச்சு, சமைக்கக் குடுத்தேன்னு இவன் சொல்லுற மாதிரி... ஊரே அதத்தான் சொல்லுது. அவனும் அப்படித்தான் நம்புதான். எங்கையாலயே எம்பிள்ளையக் கொன்னுட்டேம்மான்னு சொல்லுதான்."

வாசலில் பிச்சையா தலையைத் தூக்கவில்லை.

"அதுக்குத்தான் போன் போட்டேன். தேரைக்கு விஷம் எங்கன இருக்கும்?... கண்ணுக்குப் பின்னால பொடைப்பா இருக்குமே, அதுலயா?... தோல்லயும். சரி... அவ தோலை உரிச்சுட்டாளே. காலை மட்டும் உரிச்சு அலசிப் போட்டிருக்கா... அதான் நானும் கேக்குதேன். பத்து வருஷமாப் பிடிக்கான், தேரை தெரியாதா அவனுக்கு?... என்னது?... தென்னமெரிக்காவுலயா?... தோல் விஷத்த அம்புல தடவுவாங்களா?... ம்... ம்... கண்ணாடிப் பெட்டிக்குள்ள பிறந்து வளந்ததுக்கு அந்த விஷம் இல்லையா? அதே சாதித் தவளைக்கா?... ஏன்?... காட்டுல எதையோ தின்னுதான் வருதோன்னு... எறும்பா வண்டான்னு இன்னும் தெரியலையாக்கும்... சரில, சரி, அது வேற, இது வேற. புரியுது. நம்ம தவளைக்கு அப்படி விஷம் கிடையாது."

அவள் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. புழு மருந்துல துடிச்சுக்கிட்டுக் கிடந்தா தவளை அதத் தின்னுமா?... அசைஞ்சாலே தின்னும். ம்... இல்ல, வரேன், விஷயத்துக்கு வரேன். நெல்லுல புழு சாகலன்னு போன வாரம் வந்தான் தம்பி. டாங்குக்கு ஒரு மூடிதான் ஊத்தணும். ரெண்டு மூடி ஊத்து, சாகும்னு சொல்லியனுப்பினேன்... யாரா? நாந்தான். மறுநா வந்து சொல்லுதான், தவளையெல்லாம் மந்தமாக் கிடக்கும்மா, கையாலயே அள்ளலாம்னு. நானும் சிரிச்சேன்."

மறுமுனையில் தம்பியின் குரல் தணிந்தது. பிறகு மளமளவென்று வந்தது.

"மெதுவாப் பேசு... ஆமா... ஆமா... யாரும் நிரூபிக்க முடியாது, சரி... அறியாமச் செஞ்சதுன்னு அவனையும் விட்டுருவாங்க, சரி... கடைய மூடிருவாங்க, தெரியும்... ஒங்கத்தான்ட்ட இன்னும் சொல்லல... கேக்குதேன், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

முந்தாநாளிலிருந்து அழுகை வருமென்று காத்திருந்தாள். மரத்துப்போன காலைத் தட்டிப் பார்ப்பதுபோல, முருகம்மா, முருகம்மா என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"கேஸ் முடியும்ல. முத்துத்தாய் ஆஸ்பத்திரியிலயிருந்து எந்திரிச்சு வருவால்லா. எம்பிள்ளைக்குத் தேரையக் குடுத்தியேன்னு இவனக் கேப்பா. இவன் என்ன சொல்லுவான்?... நீ சொல்லு. படிச்சவந்தான நீ... ஹலோ? யாரு?... எக்ஸ்சேஞ்சா? மூணு நிமிஷம் ஆயிட்டா? இன்னும் மூணு நிமிஷம் குடுங்கம்மா, வேண்டிக்கிடுதேன்... தம்பி, வச்சிராத. நீ கேட்டுக்கிட்டு இரு. யாரும் கேக்கலன்னா நான் சொல்லாம விட்டுருவேன்... கத்தாதல."

ரிசீவரைக் காதிலிருந்து இறக்கினாள். கீழே வைக்கவில்லை.

"பிச்சையா, உள்ள வா... வா, பரவால்ல. இதுல நீ தேரையப் பிடிச்சேன்னு எழுதியிருக்கு. கைநாட்டு வைக்காத. நீ தேரை பிடிக்கல. நீ பிடிச்சது நல்ல தவளை. அது தின்ன புழுவுல மருந்து இருந்துச்சு. ரெண்டு மூடி ஊத்தச் சொன்னேம்லா, அந்த மருந்து."

பிச்சையா அவளையே பார்த்தான். அவள் கையிலிருந்த ரிசீவருக்குள் ஏதோ சிறிதாக இரைந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்து ஏதோ கேட்டான்.

"ஆமா... நாந்தான்... ஆமா, மருந்துதான்... இல்ல பிச்சையா, உங்கையில ஒண்ணுமில்ல."

அவன் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். பிறகு நின்ற இடத்திலேயே சரிந்து உட்கார்ந்து, குரல் விட்டு அழுதான். தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஞானபூரணம் ரிசீவரை மறுபடி காதில் வைத்தாள்.

"சொல்லிட்டேன்... அழுதான்... திட்டல, ஒண்ணுமே சொல்லல. திட்டியிருந்தாத் தேவல... எனக்கா? எனக்கு ஒண்ணுமே வரல தம்பி... இல்ல, இப்பவே அவனக் கூட்டிட்டு ஸ்டேஷனுக்குப் போறேன். நான் சொன்னேன்னு எழுதட்டும்... தெரியும்ல. தெரிஞ்சுதான் போறேன். ஒங்கத்தான்ட்ட நீயே போன்ல சொல்லிரு, என்னால ரெண்டாந்தடவ சொல்ல முடியாது... பொறவு, தேரை விஷம் தோல்லதான்னு சொன்னீல்லா, அத ஒரு தாள்ல எழுதி அனுப்பு. இங்கிலீஷ்ல எழுது, அப்பத்தான் படிப்பாங்க... ம்... ம்... இல்ல, இன்னும் சாப்பிடல. வைக்கேன்."