கறை இல்லாத இருபத்து மூன்று தாள்கள்

அட்டையில் என் பெயரைப் போடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த அன்றே, கேட்கக் கூடாது என்று எனக்குச் சொல்லி வைத்த ஒரே விஷயம் அதுதான். லீவு கேட்கலாம், நாற்காலி ஆடுகிறது என்று சண்டை போடலாம். பெயர் மட்டும் கேட்கக் கூடாது.

அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அட்டையில இருக்கிறது மைக்காரர் படம். அவர் பேர்தான் வரும்."

"அத வரைஞ்சது நான், சார்."

"அப்படின்னு அவரே எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த அச்சுல மாத்திடறேன்."

சிரித்தார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

எங்களுடையது விளையாட்டுப் புத்தகம் போடும் நிறுவனம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி, நான் மந்திரவாதி, நீ வாள்காரி என்று இல்லாத நாட்டில் அலைகிற விளையாட்டு. விதிகளைப் பாதிப் பேர் படிப்பதில்லை, படத்துக்காக வாங்குகிறார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய முதல் பதிப்பில் எல்லாமே கறுப்பு மைக் கோடு. டிராகனுக்கு விலா எலும்பு தெரியும். வீரனுக்குச் செருப்பு பிய்ந்திருக்கும், முகத்தில் பயம் இருக்கும். அப்புறம் எண்ணெய் வண்ணம் வந்தது. ஆண்களுக்குக் கதவகலத் தோள். பெண்களுக்கு வயிற்றை மட்டும் விட்டுவிட்ட இரும்புக் கவசம். எதிரி மரியாதை பார்த்து அங்கே குத்த மாட்டான் போல. அதற்கும் அப்புறம் கணினி. எல்லோரும் பறந்தார்கள், எல்லோர் கையிலும் வெளிச்சம், தலைமுடியில் காற்று. அந்த வெளிச்சத்தைப் போடத்தான் என்னை எடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான். புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "இதுல உன் பேரு எங்கடி?" என்றாள். மூன்று புத்தகத்துக்கும் அதே கேள்வி. மூன்றாவது முறை பக்கத்து வீட்டுக்காரியையும் கூட வைத்துக்கொண்டு கேட்டாள்.

போன வருடம் வாங்குகிறவர்களுக்கு வெளிச்சம் அலுத்துவிட்டது. பழைய கோடு வேண்டும் என்றார்கள். முதல் பதிப்பை வரைந்தவரை முதலாளி திரும்ப அழைத்து வந்தார். கறுப்பு மையைத் தவிர எதையும் தொடாததால் அவர் மைக்காரர். இடதுகைக்காரர் வேறு. இடமிருந்து வலமாகக் கோடு இழுக்கும்போது உள்ளங்கை ஈர மையில் உரசும். ஒவ்வொரு தாளிலும் ஒரு தீற்றல் இருக்கும். தாளை ஸ்கேன் செய்து, அந்தக் கறையைத் திரையில் துடைப்பது இனி என் வேலை.

அவர் கெட்டவர் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். என் படங்களைப் பார்த்துவிட்டு, "என்ன பொண்ணு, லைட்டுக் கடை வச்சிருக்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் கோட்டில் ஒரு படம் போட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "கை இருக்கும்மா. ஆனா உன் கை இல்ல. ஊரார் கை பத்து வச்சிருக்க." அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

அவர் மை போட்டு முடித்த தாளைச் சாயங்காலம் என்னிடம் கொடுப்பார். நான் ஸ்கேன் செய்து இழுப்பறையில் வைப்பேன். காலையில் எடுத்து ஒரு தடவை சரிபார்ப்பார். நடுவில் தாள் என் பொறுப்பு. அதே தாள், அதே மை வாங்கினேன். இடதுகைக்காரரின் கோடு சாய்வது வேறு பக்கம். தாளைக் குறுக்கே திருப்பி வைத்துப் போட்டால் வலதுகைக்கும் அந்தச் சாய்வு வந்துவிடும். இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. அப்புறம் அவர் தாளை ராத்திரியோடு முழுசாக நகல் போட்டு, இழுப்பறையில் என் நகலை வைத்தேன்.

முதல் தாளில் பூதத்துக்கு ஒரு விரலை மட்டும் கூட்டினேன்.

"மூணு விரல்தானே போட்டேன்?"

"நாலுதான் சார் இருந்துச்சு."

"அப்படியா?"

"நேத்து நீங்களே எண்ணிக் காட்டினீங்களே, சார்."

அவ்வளவுதான். வாள் கை மாறியது, கோபுரத்தில் ஜன்னல் குறைந்தது, வாள்காரி கிழவியானாள். நான்கு மாதத்தில் இருபத்திரண்டு தாள். ஒரு தடவைகூட என் குரல் உயரவில்லை. அவர் தன் தாள்களின் பின்னால் குறிப்பு எழுத ஆரம்பித்தார்: விரல் மூன்று, ஜன்னல் ஐந்து. குறிப்பையும் அவர் எழுத்திலேயே நான் எழுத வேண்டியதாயிற்று. வேலை கூடியதுதான் மிச்சம். ஆபீசில் அவரிடம் சத்தமாக, மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள், குழந்தையிடம் பேசுவதுபோல.

இருபத்து மூன்றாவது முழுக்க என்னுடையது. கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வரும் பல தலை மிருகம். ஒவ்வொரு தலைக்கும் ஒவ்வொரு வயது. அதை அவர் இழுப்பறையில் வைத்தேன். எடுத்துப் பார்த்தவர் உட்கார்ந்துவிட்டார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு. எப்போம்மா வரைஞ்சேன் இத?"

என் படத்தைப் பார்த்து யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. "வியாழக்கிழமை, சார்" என்றேன்.

மறுநாள் அவர் பேனாக்களை ஒரு துணியில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மிருகம் அட்டைக்குப் போனது. அடியில் அவர் பெயர். அப்போதுதான் முதலாளியிடம் போய்க் கேட்டேன்.

இன்று மதியம் அவர் மகள் வந்தாள். கணக்கு டீச்சர், பிழை பிடிப்பது பழக்கம். அவர் இழுப்பறையிலிருந்த அசல் தாள்களை மீட்டிங் அறையின் மேசையில் இரண்டு அடுக்காக வைத்தாள்.

"அப்பா சட்டையில கை ஓரம் கறுப்பா இல்லாத நாளே கிடையாது. சின்ன வயசுல நான்தான் துவைப்பேன். இந்த இருபத்து மூணு தாள்லயும் ஒரு தீற்றல்கூட இல்லையே, ஏன்?"

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அத்தனை மாதம் துடைத்துத் துடைத்து, அந்தக் கறையும் படத்தில் சேர்த்தி என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன், இதே வரிசையில். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"டாக்டர் மாத்திரை கொடுக்கிறாரு. சாப்பிட்டோமா இல்லையான்னு தெரியாம, அத கையில வச்சுக்கிட்டே உக்காந்திருக்காரு. நீ வந்து ஒரு வார்த்த சொல்லும்மா. மூள நல்லாத்தான் இருக்குன்னு. போலீசு கீலீசுன்னு நான் எங்கயும் போகல."

"சொல்றேன்க்கா. அதுக்கு முன்னாடி, இந்த இருபத்து மூணும் என்னோடதுன்னு அவர் எழுதிக் கொடுக்கணும்."

"பேனாவையே தொட மாட்டேங்கிறாரும்மா. எங்க எழுதுவாரு?"

நான் அடுத்தவர் படத்தில் என் பெயரை ஒருநாளும் போட்டதில்லை. என்னுடையதை என்னுடையது என்று கேட்கிறேன், அவ்வளவுதான். அதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது. இருபத்து மூன்று தாளையும் அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"விடுங்கக்கா, அவரைச் சிரமப்படுத்த வேணாம். அவர் எழுத்துலயே நான் எழுதிக் கொடுத்துடறேன். காட்டினாலும், தான் எழுதினதுன்னுதான் நம்புவாரு."

முதலாளி அறைக்குப் போகும் நடையில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மனதுக்குள் கடிதத்தின் முதல் வரியைத் தாளைக் குறுக்கே திருப்பி எழுத ஆரம்பித்திருந்தேன்.