உன் அன்பா, உம் அன்பா

— நிறுத்து கண்ணு. மறுபடியும் 'உன் அன்புக்கு நன்றி'ன்னே பாடறே.

— நான் எழுதினதே அப்படித்தானுங்க மாமா.

— கெஸியா, ஃபேக்டரி வேலையில இருந்த காலத்துல இருந்தே இந்தக் குன்னூர்ச் சபையில பாட்டு நடத்தறேன். ஆண்டவரை 'நீர்', 'உம்'னுதான் பாடுவோம். 'உன்'னு பாடினா டூரிஸ்ட் பஸ்ஸுல போடற பாட்டாட்டம் இருக்குது.

— இப்ப வர்ற பாட்டெல்லாம் அப்படித்தானுங்க.

— வரட்டும். அறுப்பின் பண்டிகையில நீ பாடோணும்னா 'உம்'னு மாத்திரு. இல்லாட்டி வேற பாட்டு வெச்சுக்கலாம்.

— இதைத்தான் பாடுவேனுங்க. மாத்தாமத்தான் பாடுவேன்.

— பிடிவாதத்தப் பாரு. வார்த்தையெல்லாம் எவ்வளவு நல்லா வந்திருக்குது. 'இருள் மூடும் வளைவினிலே விளக்காக நின்றாய்'. பைபிள்ல சங்கீதம் வாசிக்கறாப்பல இருக்குது. அட, அதைச் சொல்லவும் ஞாபகம் வருது. நாளைக்கு ஆஸ்பத்திரி டூட்டி முடிய லேட்டாகுமா? ரோட்டு வளைவுல கரடி நடமாட்டமாம். தனியா ஏறி வராதே, எப்பவும்போல டார்ச்சோட வந்து நிக்கறேன்.

— சரிங்க மாமா.

— ஒரே ஒரு எழுத்துதான கேக்கறேன்.

— மாத்தினா பாட்டு வேற ஆளுக்குப் போயிருமுங்க.

— ஆளுக்கா?

— ஏனுங்க மாமா, கீபோர்ட அமத்திட்டீங்க?

— உக்காரு. டேனியல் தவறிப்போனப்ப ஆளாளுக்கு உன்னை அம்மா ஊட்டுக்கு அனுப்பச் சொன்னாங்க. இங்கயே இருன்னு சொன்னவன் நான். நீ எம் பையன் சம்சாரம் மட்டுமில்ல, எனக்கு மக. ஒருத்தர மனசுல நெனச்சிருந்தா நானே முன்ன நின்னு முடிச்சு வெப்பேன். ஆண்டவர் பேர்ல மறைச்சுப் பாட வேண்டாம். மனுசன் எப்படி?

— தங்கமான மனுசருங்க.

— உத்தியோகம்?

— டீ ஃபேக்டரியில இருந்து ரிட்டயர்டு ஆயிட்டாருங்க.

— ரிட்டயர்டா? வெளையாடறியா?

— இல்லீங்க. முடிகூட வெளுத்திருச்சு.

— கர்த்தாவே. சபையில நின்னு அந்தக் கெழவனுக்கா நன்றி பாடப் போறே?

— ஆண்டவரு அன்பு வெச்சிருக்காருன்னு நான் தெரிஞ்சுக்கிட்டதே அவராலதானுங்க. அவருக்குச் சொல்ற நன்றி ஆண்டவருக்கும் போய்ச் சேரும்.

— பேச்ச மாத்தாதே. ஆரு அது?

— கோவிச்சுக்காதீங்க மாமா. 'உங்க அன்பு'ன்னுதான் மொதல்ல எழுதினேன். மெட்டுல அடங்கல.