நான்கு விநாடியும் என் கொழுந்தனும்

என் கொழுந்தனின் நெற்றியிலிருந்து நான்கு விநாடியைக் களவாடி, பின்பு கண்ணியமாகத் திருப்பிக் கொடுத்த விழாத் தலைவர், தலைமைப் பொறியாளர் அவர்களே! பெயின்ட் கூடத்தின் பெரியவர்களே! பிள்ளைகளை மடியில் தூங்கவைத்துவிட்டு எனக்குக் காது கொடுத்திருக்கும் தாய்மார்களே! விற்பனைக் கூடத்திலிருந்து என்னை வேடிக்கை பார்க்க வந்திருக்கும் தோழியரே! மூன்றாவது வரிசையில், 'இவள் என்ன சொல்லித் தொலைக்கப் போகிறாளோ' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரரே! கார் விற்றுப் பிழைக்கும் ஒருத்தியின் கனிவான வணக்கம் உங்கள் அனைவருக்கும்.

யாரங்கே, சுருக்கமாகப் பேசச் சொல்வது? ஐயா, வாங்க மனமில்லாதவரையே ஒரு மணி நேரம் உட்காரவைத்தவள் நான். நீங்களோ வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இன்று இந்தப் பயிற்சிக் கூடத்தைத் திறந்திருக்கிறோம். இயந்திரக் கைகளுக்கு மனிதக் கைகள் வேலை சொல்லிக்கொடுக்கும் கூடம் இது. இது எப்படி வந்தது? ஒரு கார்க் கதவின் கண்ணீரால் வந்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு ஆண்டுகள் காருக்கு வண்ணம் பூசியவர். மூன்றாண்டுகளுக்கு முன் இயந்திரக் கை வந்தது. அதற்கு எப்படிக் கற்பிப்பது? அதன் கையை இவர் பிடித்துக்கொண்டு ஒரு காரை முழுதாகப் பூசிக் காட்ட வேண்டும். அது அப்படியே மனத்தில் பதித்துக்கொள்ளும். இவரும் காட்டினார். ஆனால் இவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மூன்று வீச்சு அடித்ததும் முகமூடிக் கண்ணாடியை முன்கையால் ஒருமுறை துடைப்பார். அன்றும் துடைத்தார். பிடித்திருந்த இயந்திரக் கையும் கூடவே மேலே போனது. விளைவு? மறுநாள் முதல் மூன்று வீச்சுக்கு ஒருமுறை, வியர்க்கவே தெரியாத அந்த இரும்பு, இல்லாத நெற்றியைத் துடைத்துக்கொண்டது.

சிரிக்காதீர்கள். அன்று பெயின்ட் கூடமே சிரித்து முடித்துவிட்டது. என் வீட்டுக்காரருக்குத் தம்பி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அப்படியானால் எனக்கு யார்? கொழுந்தன். பெண் பார்க்கும் செலவில்லாத கொழுந்தன்.

பிறகுதான் நம் தலைவர் கையில் கடிகாரத்தோடு வந்தார். துடைப்பதில் நான்கு விநாடி வீண் என்றார். வெட்டினார். அதே வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியலும் ஏறியது. மாதக் கடைசியோடு வேலை முடியும் பன்னிரண்டு பேர். எட்டாவது பெயர் என் வீட்டுக்காரருடையது.

என் பாடு மட்டும் என்ன வாழ்ந்தது? விற்பனைக் கூடத்தில் ஆளுயரத் திரை ஒன்றை நிறுத்தினார்கள். தொட்டால் பதினாறு நிறம் காட்டும். ஆனால் ஒரு தாய், "முழங்கால் வலிம்மா, ஏறி இறங்க முடியுமா?" என்று கேட்டபோது, மீண்டும் தொடவும் என்றது. நான் கதவைத் திறந்து, ஏறிக் காட்டி, இறங்கிக் காட்டி, அந்தக் காரை விற்றேன். திரை நிறம் காட்டட்டும், முழங்காலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அன்று எனக்குத் தைரியம் வந்தது. என் வீட்டுக்காரருக்குத்தான் வரவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தொடாமலே எழுந்து போவார்.

அப்போது ஒரு பள்ளி ஆசிரியை கார் பார்க்க வந்தார். கைப்பிடிக்குக் கீழே விரலை ஓட்டினார். "ஏம்மா, இந்தக் கதவு அழுதிருக்கா?" என்றார். குனிந்து பார்த்தேன். வண்ணம் ஒரு கோடாக வழிந்து காய்ந்திருந்தது. அடுத்த காரிலும் அப்படியே. அதற்கடுத்த காரிலும் அப்படியே.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் காற்றிலேயே மூன்று வீச்சு அடித்து, முன்கையால் முகத்தைத் துடைத்துப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நான் துடைக்கிற அந்த நேரத்துலதான் மொத பூச்சு உக்காரும். எனக்கே இப்பதான் புரியுது."

போய்ச் சொல்லுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். என்னை வேண்டாம் என்றவர்களிடம் நானா போய் நிற்பது என்றார். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லையா? இருந்தது. இருந்தும் நான் விடவில்லை. "அந்தக் கதவு என்கிட்டதானே வருது. வாங்க வர்றவங்க மொகத்தைப் பார்த்து நான் என்னங்க சொல்றது?" என்று மட்டும் கேட்டேன். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

தலைவர் அவர்களே, இந்த இடத்தில் உங்களைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் அவரை நிற்கவைத்துப் பேசவில்லை. உட்காரவைத்துக் கேட்டீர்கள். நான்கு விநாடியைத் திருப்பிக் கொடுத்தீர்கள், கதவு அழுவதை நிறுத்தியது. இன்னும் எந்தெந்தக் கையில் என்னென்ன இருக்கிறதோ என்று பயந்து, மேலிடத்தோடு சண்டை போட்டுப் பட்டியலைக் கிழித்தீர்கள். அதற்குள் இருவர் விலகல் தாளில் கையெழுத்திட்டுப் போய்விட்டார்கள். அவர்களைத் தேடி அழைக்காமல் இந்தக் கூடம் நிறையாது. நீங்கள் மாலையும் கையுமாக இருக்கும்போதே இதைக் கேட்டுவைக்கிறேன்.

மீதிப் பத்துப் பேரும் இன்று இயந்திரங்களுக்கு வாத்தியார்கள். என் வீட்டில் ஒரே கொழுந்தனாக இருந்தது, ஆளுக்கொரு புது இயந்திரக் கை சேர்ந்து இப்போது பதினோரு கொழுந்தன்கள். இரும்பு வரட்டும். இன்னும் வேகமாக வரட்டும். வந்து, எங்கள் கையைப் பிடித்துக் கற்றுக்கொள்ளட்டும். கற்றுக்கொடுத்த கையை விட்டுவிடாமல் இருக்கட்டும். அந்த ஆசிரியை அதே நிறத்தில் கார் வாங்கி, நேற்றும் வந்து கைப்பிடிக்குக் கீழே தடவிக் காட்டிவிட்டுப் போனார்.

முடிக்கிறேன். மூன்றாவது வரிசையில் ஒருவர் முன்கையைத் தூக்கி முகத்தைத் துடைக்கிறார். கேட்டால் வியர்வை என்பார். யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். தலைவரே, கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போடுங்கள். அவருக்கு நான்கு விநாடி கொடுப்போம்.

கொடுத்த உங்களுக்கு என் நன்றி. எல்லோர் கைக்கும் என் வணக்கம்.