சூடு சரியா இருக்கா

– உருண்டுடாத மாதிரி ஒருக்களிச்சுப் பிடிச்சிருக்கேன் உன்னை. ஒரு நிமிஷம் இரு அனு. கால்ல இன்னாது இது?

– எந்தக் கால்ல?

– எடது கால்ல, பாதத்துக்கு மேல. கொப்புளம் கொப்புளமா கட்டியிருக்கு.

– கொசு கடிச்சிருக்கும்.

– கொசு கடிச்சா இவ்ளோ நீர் கோக்குமா? ஒரு எடத்துல தோலே கழண்டு வருது. லைட்டைப் போடறேன், இரு.

– தண்ணி ஆறிடப் போவுது. முதுகைத் தொடைச்சு முடிச்சிட்டு நேரா படுக்க வைங்க. எவ்ளோ நேரம்தான் செவுத்தையே பாத்துக்கிட்டு கெடப்பேன்.

– நேத்து காலையில இது இல்ல. விரல் இடுக்கு வரைக்கும் நான் பாத்தேன்.

– அப்ப பெட்ஷீட் உரசியிருக்கும்.

– உரசினா செவக்கும். இது சூடு பட்டது. லிஃப்ட் மெக்கானிக்குகிட்ட சொல்றியா? மோட்டார் ரூம்ல கையைச் சுட்டுக்கிட்டு எத்தனை தடவை வீட்டுக்கு வந்திருக்கேன். நீயே பேஸ்ட் தடவி வுட்டிருக்கே.

– ராஜேஷ், போதும் வுடுங்க.

– ஒரு நிமிஷம். நேத்து காலையில கரண்ட் இல்ல. கீசர் போட முடியல. அடுப்புல வெந்நீர் வெச்சேன். அதை பேசின்ல ஊத்தி உன் காலை உள்ள வெச்சேன்.

– ம்.

– பச்சைத் தண்ணி கலந்தேன்ல?

– கலந்தீங்க.

– போதுமான அளவு கலக்கல போல. கையில கிளவுஸ் இருந்துச்சு. ஒண்ணு கிழிஞ்சிருக்குன்னு அது மேல இன்னொண்ணு மாட்டியிருந்தேன். எனக்கு சூடு தெரியல. ஆனா உன்னைக் கேட்டேனே. சூடு சரியா இருக்கான்னு ஒண்ணுக்கு ரெண்டு தடவை கேட்டேன்.

– கேட்டீங்க.

– இதமா இருக்குன்னு சொன்ன.

– சொன்னேன்.

– தோலு வெந்திருக்கு அனு. வெந்து போற சூடு எப்டி உனக்கு இதமா இருந்துச்சு?

– எனக்கென்ன தெரியும். அந்த நேரத்துல அப்டி இருந்துச்சு.

– சரி சரி. ஒருவேளை தொடறது மட்டும் தெரியுது, சூடு இன்னும் தெரியல. அப்டி கூட இருக்கலாம் இல்ல? ஒண்ணொண்ணா திரும்பி வரும் போல. போட்டோ எடுத்து ப்ரஹ்லாத் சாருக்கு அனுப்பறேன். பிசியோக்காரருக்குத் தெரியாததா. அவர் சொல்லிடுவாரு.

– அவருக்கு அனுப்பாதீங்க.

– ஏன்?

– அனுப்ப வேணாம், அவ்ளோதான். மருந்து தடவிட்டு துணி கட்டுங்க. சாயங்காலம் கிளினிக்ல காட்டிக்கலாம்.

– உனக்கு எல்லாத்துலயும் பயம். நான் ஒண்ணு சொல்றேன், கேட்டா சந்தோஷப்படுவ. கம்பெனியிலருந்து அருண்குமார் சார் போன் பண்ணாரு. என் எடத்தை இன்னும் காலியாவே வெச்சிருக்காராம். திங்கக்கிழமை வந்து நின்னா எடுத்துப்பாராம், இல்லன்னா வேற ஆளைப் போட்டுடுவாராம். நான் முடியாதுன்னுட்டேன்.

– முடியாதுன்னா?

– என் பொண்டாட்டிக்கு கால்ல உணர்வு வந்துக்கிட்டிருக்கு சார், இன்னும் ஆறு மாசத்துல எழுந்து ஒக்காந்துடுவா, இந்த நேரத்துல வுட்டுட்டு வந்தா எல்லாம் கெட்டுடும்னு சொன்னேன். அவரு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், நல்லா இருப்பா, கவனிச்சுக்கோன்னாரு.

– போனை எடுங்க. இப்பவே கூப்பிட்டு வரேன்னு சொல்லுங்க.

– இன்னா பேசற நீ?

– திங்கக்கிழமை வரேன்னு சொல்லுங்க. நீங்க கோயிலுக்குப் போயிருந்தப்ப என்னைப் பாக்க வந்த பக்கத்துத் தெரு சின்னத்தாயி அக்காகிட்ட நான் பேசிட்டேன். ஆஸ்பத்திரியில ஆயாவா இருந்தவங்க. காலையில வந்து என்னைக் குளிப்பாட்டி, யூரின் பேக் மாத்தி, துணி மாத்தி வுட்டுட்டு, மத்தியானம் ஒருக்கா வந்து திருப்பிப் படுக்க வெக்கறேன்னு ஒத்துக்கிட்டாங்க.

– என்னைக் கேக்காமயா?

– கேட்டா வேணாம்பீங்க.

– வேணாம்தான். பழகின கை பட்டாத்தான் நரம்புக்கு ஞாபகம் வரும்னு ப்ரஹ்லாத் சாரே சொன்னாரே. நீயும் பக்கத்துலதானே இருந்த. வேற எவளோ வந்து அவசரத்துல கழுவிட்டுப் போனா, இவ்ளோ நாள் பட்ட பாடு இன்னாத்துக்கு?

– அவர் அப்டி சொன்னது நான் சொல்லச் சொன்னதால.

– புரியல.

– முதல்ல என்னை நேரா திருப்புங்க. உங்க மூஞ்சியைப் பாத்துதான் சொல்லணும். செவுத்தைப் பாத்து சொன்னா கோழையாட்டம் இருக்கும்.

– இரு. கையை அடியில வுட்டுக்கறேன். யூரின் பேக் ட்யூப் மாட்டிக்கப் போவுது... ஆங். தலாணி ஒசரம் சரியா? சொல்லு இப்ப.

– எனக்கு ஒண்ணுமே தெரியல.

– எது தெரியல?

– கால். கை. வயிறு. நீங்க தொடற எதுவும். ஆஸ்டின் டவுன்ல மழைக்கு ஒதுங்கி நின்னப்ப அந்த மரக்கிளை என் கழுத்துல விழுந்துச்சே, அன்னையிலருந்து கழுத்துக்குக் கீழ ஒரு நாள்கூட எனக்கு எதுவும் தெரிஞ்சதில்ல.

– சும்மா இரு. கட்டை விரலைத் தொட்டா கட்டை விரல்னு சொன்ன. சுண்டு விரலைத் தொட்டா சுண்டு விரல்னு சொன்ன. நான் மாத்தி மாத்தி செக் பண்ணேன். ஒரு தடவைகூட தப்பா சொன்னதில்ல.

– அங்க பாருங்க.

– எங்க?

– கால்மாட்டுல. பீரோ கண்ணாடி. தலாணியில தலையைத் தூக்கி வெச்சா என் ரெண்டு பாதமும் அதுல தெரியும். உங்க கையும் தெரியும்.

– கண்ணை மூடு.

– ராஜேஷ்.

– மூடு அனு. ஒரு நிமிஷம். நான் செக் பண்ணணும்.

– மூடிட்டேன்.

– இப்ப எங்க தொடறேன்?

– தெரியல.

– இப்ப?

– தொடறீங்களா?

– நகத்தால கிள்ளிக்கிட்டிருக்கேன்.

– கண்ணைத் திறக்கலாமா?

– ப்ரஹ்லாத் சார் ஊசி வெச்சு குத்திப் பாப்பாரே. அவருக்குத் தெரியாமயா போச்சு?

– முதல் நாளே தெரியும் அவருக்கு. நீங்க டீ போட உள்ள போனப்ப, கன்னடத்துல ஹேளபேடி சார்னு, அவருக்கு சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினேன். அவரு ஒத்துக்கவே இல்ல. இது பாவம் மேடம்னாரு. சொன்னா இவரு உயிரோட இருக்க மாட்டாருன்னேன். அப்புறம்தான் வாயை மூடிக்கிட்டு, நான் சொல்லிக் குடுத்ததைச் சொன்னாரு.

– நான் உயிரோட இருக்க மாட்டேனா?

– நீங்க மறந்துட்டீங்க போல. என்னால மறக்க முடியல.

– எதை?

– நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்தீங்க. நான் பெட்டெல்லாம் அசிங்கம் பண்ணி வெச்சிருந்தேன், எனக்கே தெரியாம. நாத்தத்தை வெச்சுத்தான் எனக்கும் தெரிஞ்சுது. ஒரு வார்த்தை திட்டல நீங்க. ஷூவைக் கழட்டி வெச்சிட்டு, எல்லாத்தையும் கழுவி, என்னையும் கழுவி, வேற ஷீட் போட்டீங்க. அப்புறம் பாத்ரூம்ல பக்கெட்டைக் கவுத்துப் போட்டு அதுமேல ஒக்காந்துட்டீங்க. கதவு தொறந்திருந்துச்சு. ரொம்ப நேரம் கழிச்சு எழுந்து வந்து கால்மாட்டுல ஒக்காந்து, ரெண்டு பேரும் போயிடலாமா அனுன்னு கேட்டீங்க.

– அது ஏதோ அலுப்புல...

– அலுப்பு இல்ல. சினிமாவுக்குப் போலாமான்னு கேக்கற மாதிரி கேட்டீங்க. சத்தமே இல்லாம. அதான் எனக்கு பயமாப் போச்சு.

– நீ வேணாம்னு சொல்லியிருக்கலாமே.

– எனக்கு வேணாம்னு தோணல. உண்மையைச் சொல்றேன், எனக்கும் அப்ப போயிடலாம்னுதான் இருந்துச்சு. ஆனா கண்ணாடியில பாத்தேன். உங்க கை என் காலைப் பிடிச்சிருந்துச்சு. பிடிச்சிருக்கோம்ன்ற நெனப்பே இல்லாம பிடிச்சிருந்தீங்க. இந்த மனுஷன் எதுக்கு என்னோட வரணும்னு இருந்துச்சு. உடனே வாயில வந்துடுச்சு. ஏங்க, என் காலைப் பிடிச்சிருக்கீங்களா, என்னமோ லேசா தெரியற மாதிரி இருக்குன்னேன்.

– அது பொய்யா.

– பொய்தான். அன்னைக்கு ஒரு நாளைக்கு ஆவட்டும்னு சொன்னேன். நீங்க குழந்தையாட்டம் அழுதீங்க. ஓடிப்போய் இட்லி வாங்கிட்டு வந்து எனக்கு ஸ்பூன்ல ஊட்டி, நீங்களும் சாப்பிட்டீங்க. அதுக்கு முன்னால எத்தனை நாளா ஒழுங்கா சாப்பிடாம இருந்தீங்கன்னு அப்பதான் எனக்கே தெரிஞ்சுது. அடுத்த நாள் மாத்திச் சொல்ல முடியல. அதுக்கப்புறம் எப்பவுமே முடியல.

– தெருவுல எல்லார்கிட்டயும் சொன்னேன் அனு. பால்காரன் வரைக்கும். அல்சூர் கோயிலுக்கு செவ்வாய்க்கிழமை தவறாம இங்கருந்து நடந்தே போனேன். வேலையை வுட்டேன்.

– வேலையை வுடுவீங்கன்னு நான் நெனைக்கல. அது தெரிஞ்சிருந்தா வேற ஏதாவது பொய் சொல்லியிருப்பேன்.

– உன் முடியைக்கூட வெட்டினேன். அவ்ளோ நீளமான முடியை. தலைக்கு ஊத்தி, காய வெச்சு, சிக்கெடுக்கற நேரத்தைக் காலுக்குக் குடுக்கலாம்னு. நீ ஒண்ணும் சொல்லல.

– சொல்லத் தோணல.

– தெனம் காலையில அரை மணி நேரம் ஒரு ஒரு விரலா தேய்ச்சு வுட்டேன். எண்ணெய் போட்டு, வெந்நீர் போட்டு. நீ கண்ணாடியைப் பாத்துக்கிட்டு ஆமாம், இல்லன்னு சொல்லிக்கிட்டு படுத்திருந்திருக்க. எனக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.

– திட்டுங்க. அன்னையிலருந்து ஒரு நாளும் என்னைத் திட்டல நீங்க. திட்டினா நல்லா இருக்கும்.

– திட்ட வரல. இந்த பேசினை கீழ வெச்சுக்கறேன்.

– வெச்சிட்டு பக்கத்துல ஒக்காருங்க.

– வேணாம். நான் இங்கயே நிக்கறேன். இவ்ளோ நாளா நான் இன்னா பண்ணேன், அனு? மரக்கட்டையைக் கழுவினேனா?

– என்னைக் கழுவினீங்க. ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனப்ப நர்ஸு முதுகைத் திருப்பிப் பாத்துட்டு, ஒரு படுக்கைப் புண்ணுகூட இல்லையே, யாரும்மா பாத்துக்கறாங்கன்னு கேட்டாங்க. பக்கத்து பெட்ல என் வயசுப் பொண்ணு, முதுகுல கை நுழையற அளவுக்கு புண்ணு. அடுத்த தடவை போனப்ப அந்தப் பொண்ணு இல்ல. நீங்க பண்ணது வீண் இல்ல. நீங்க நெனைச்சது நடக்கல, அவ்ளோதான்.

– நடக்கவே நடக்காதா?

– டாக்டர் முதல்லயே சொல்லிட்டாரு. உங்களுக்குத்தான் கேக்கல.

– அப்ப இன்னைக்கு எதுக்கு சொன்ன? இன்னும் கொஞ்ச நாள் சொல்லாமயே இருந்திருக்கலாமே.

– நேத்து என் காலு வெந்திருக்கு, இதமா இருக்குன்னு சொல்லியிருக்கேன். நாளைக்கு இதைவிடப் பெருசா ஏதாவது ஆவும், அப்பவும் நான் சிரிச்சிக்கிட்டிருப்பேன். அதுவும் இல்லாம, நீங்க வேலை வேணாம்னு சொல்லிட்டு வந்து நிக்கறீங்க. இந்த ரூமுக்குள்ளயே இருந்தா நீங்க அதை மறுபடி கேப்பீங்க. அன்னைக்குக் கேட்டதை.

– கேக்க மாட்டேன்.

– சத்தியமா?

– இப்ப கேக்காத என்னை. இப்ப எனக்கே தெரியல.

– அதுக்குத்தான் சொல்றேன். வெளிய போங்க. லிஃப்ட்டைக் கழட்டி மாட்டுங்க, யார்கூடயாவது சண்டை போடுங்க, டீ குடிங்க. சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. அன்னைக்கு மாதிரி தோணினா என்கிட்ட கேக்காதீங்க, ப்ரஹ்லாத் சாருக்கு போன் பண்ணுங்க. எந்த நேரமா இருந்தாலும் எடுப்பேன்னு சொல்லியிருக்காரு. அவருக்கு எல்லாம் தெரியும்.

– அருண்குமார் சார் சிரிப்பாரு. நேத்து ஒண்ணு சொன்ன, இன்னைக்கு ஒண்ணு சொல்றியேன்னு.

– சிரிக்க மாட்டாரு. நீங்க சொன்னப்ப அவரு பேசாம இருந்தாருன்னு சொன்னீங்கல்ல. அவருக்கும் தெரியும் ராஜேஷ். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது.

– சரி. பேசறேன். மத்தியானத்துக்கு மேல பேசறேன். முதல்ல இந்தக் காலைப் பாக்கணும். பச்சைத் தண்ணி ஊத்தி, சுத்தமான துணி சுத்தி, கிளினிக்குக்குத் தூக்கிக்கிட்டுப் போறேன். ஆட்டோவுக்குச் சொல்லிடறேன்.

– ம்.

– வலிக்குதான்னு கேக்கக்கூட எனக்கு வழி இல்ல இப்ப.

– வலிக்கல. இது பொய் இல்ல.

– அனு.

– சொல்லுங்க.

– ஒண்ணு கேப்பேன். என்னை சந்தோஷப்படுத்தணும்னு பதில் சொல்லாத. கண்ணாடியைப் பாக்காத. நான் தொட்டா உனக்குத் தெரியற எடம்னு எதுவுமே இல்லையா?

– முகம். அங்க எல்லாம் தெரியும், சூடு, குளிரு, காத்து, ஈ ஒக்கார்றதுகூட. ஆனா குளிப்பாட்டி முடிச்சதும் துண்டால ஒரே இழுப்பா தொடைச்சிட்டு நீங்க காலுக்குப் போயிடுவீங்க, கிளை விழுந்த நாளுலருந்து ஒரு தடவைகூட அங்க உங்க கை பட்டதில்ல.