ஜன்னலுக்கு முதுகு காட்டிய நாற்காலி

கசங்கிய சட்டையோடு விசாரணைக்கு வந்திருக்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள் அம்மா. ஓய்வு பெற்றதிலிருந்து என் சட்டைகளுக்கு நாதியில்லை.

விடுதியில் அதற்கென்றே ஒருத்தி இருந்தாள். மூளை வளர்ச்சி குறைந்தவர்களுக்கான விடுதி, நானூறு படுக்கை. நான் சலவைக்கூட மேற்பார்வையாளன். அவள் தேய்த்த விரிப்பில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்ளும். ஆறு பேர் வேலையை ஒருத்தியே செய்வாள். பதிவேட்டில் ஏதோ பெயர் இருந்தது. நாங்கள் 'இஸ்திரி' என்றோம். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், அது வேறு விஷயம். ஒன்பது வயதில் கொண்டுவந்து விட்டபோது பேசவில்லையாம். புத்தியில்லை என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள்.

புத்திக்கு ஒரு குறையும் இல்லை என்று எனக்கு முதல் வாரமே தெரியும். இயந்திர இரைச்சலுக்கு நடுவில், சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து, எங்கள் டாக்டரின் தொந்தியைப் பற்றி ஒன்று சொன்னேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். காது கேட்காது, உதட்டைப் படிப்பாள். அவ்வளவுதான்.

அவள் தங்கை வருடம் தவறாமல் வருவாள்.

"சார், அக்காவுக்குக் காதுதான் கேக்காது. என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், விட்டுருங்க சார்."

"விடறதுக்கு நான் யாரும்மா? டாக்டர் சோதனையில தேறட்டும், நானே வண்டி பிடிச்சு ஏத்திவிடறேன்."

சோதனை சுலபம். டாக்டர் கேட்கக் கேட்க, எதிரே இருக்கும் படங்களில் சரியானதைத் தொட்டுக் காட்ட வேண்டும். பத்துக் கேள்வி. அறையை ஒழுங்கு பண்ணுவது என் பொறுப்பு. மாலை நான்கு மணிக்கு, டாக்டரின் நாற்காலியை மேற்கு ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போடுவேன். பின்னாலிருந்து வெயில் அடித்தால் அவர் முகம் கரிச்சட்டி மாதிரி இருண்டுவிடும். உதடு எங்கே தெரியப்போகிறது? பத்துக்குப் பூஜ்யம்.

"பாவம்யா, இந்த வருஷமும் தேறல," என்று டாக்டர் உச்சுக்கொட்டுவார். நானும் கூடவே உச்சுக்கொட்டுவேன்.

இருபத்தாறு வருடம். அவளை ஒரு அடி அடித்ததில்லை. ஒரு வேளை பட்டினி போட்டதில்லை. நாற்காலியை நகர்த்தினேன், வருடத்துக்கு ஒரு தடவை. அவள் போயிருந்தால் நானூறு விரிப்பை நீங்களா வந்து துவைத்திருப்பீர்கள்?

நான் ஓய்வு பெற்ற மறுவருடம் புது டாக்டரம்மா அவளை வராந்தாவில் உட்கார வைத்துச் சோதித்தாராம். பத்துக்குப் பத்து. அதனால்தானே என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்?

இன்று காலை தங்கையோடு இங்கே வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. உட்காரும் முன் நேரே என்னிடம் வந்து, என்னை எழுந்திருக்கச் சொல்லிக் கைகாட்டி, இந்த நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள். வெளிச்சம் முழுக்க என் முகத்தில். அப்போதிருந்து கண்ணெடுக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பிரியத்தைப் பாருங்கள் அம்மா. நான் சொல்வதில் ஒரு வார்த்தைகூட விட்டுப்போகக் கூடாதாம் அவளுக்கு.