எட்னா டைசன் பறித்த இலை

உங்கள் டீ மோசமில்லை, இன்ஸ்பெக்டர். ஜன்னலோரம் இருக்கும் செடிக்குத்தான் தண்ணீர் அதிகம், வேர் அழுகிக்கொண்டிருக்கிறது. இந்த ஸ்டேஷனில் யாருக்கும் அது தெரியவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

எட்னா டைசனைப் பற்றிக் கேட்டீர்கள். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் ஒரு மலிவு லென்ஸை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தாவர நிபுணர் ஆகிவிட்டார். எங்கள் தாவரச் சங்கத்தில் பாதிப்பேர் இப்படித்தான். பிஸ்கட் தின்ன வருகிறவர்கள்.

நான் சீமாட்டிப்போர்வைச் செடிகளை மட்டுமே படித்தவன். அவற்றில் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க இலைக்காம்பின் ரோமத்தைப் பார்க்க வேண்டும், நிமிர்ந்து நிற்கிறதா, படிந்து கிடக்கிறதா என்று. இங்கிலாந்து முழுவதிலுமிருந்து உலர்ந்த இலைகளை எனக்குத்தான் அனுப்புவார்கள். நான் சொன்னால் சொன்னதுதான். எங்கள் ஓடைக்கரையில் நான் கண்டெடுத்த இனம் இந்த மண்ணுக்கே உரியது, வேறெங்கும் இல்லாதது என்று எழுதினேன். அதற்கு என் பெயரையே வைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில் சீமாட்டிப்போர்வை இலையைக் காஞ்சொறியோடு நறுக்கி, பார்லியும் முட்டையும் சேர்த்துக் கிண்டித் தின்பார்கள். எட்னா என் செடியைப் பறித்துத் தின்றிருக்கிறார். பிறகு சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

“டாக்டரே, இது நம்மூரு இலையே இல்ல. நாக்குல கம்பளி மாதிரி ஒட்டுது. பழைய பாதிரியார் வீட்டுத் தோட்டத்துலருந்து மதில் தாண்டி ஓடைக்கு இறங்கியிருக்கு. ஓடையில அந்த மதிலுக்கு மேல்பக்கம், தண்ணி வர்ற பக்கம், ஒரு செடி காட்டுங்க பாப்போம். லென்ஸ வச்சிட்டு ஒரு வாய் தின்னுதான் பாருங்களேன்!”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கணவர் வில்ஃப் பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். மதிலுக்கு மேல்பக்கம் ஒரு செடிகூட இல்லை. வீட்டுக்கு வந்து பழைய புத்தகங்களோடு ஒப்பிட்டேன்; யாரோ கிரிமியாவிலிருந்து கொண்டுவந்து பாதிரியார் தோட்டத்தில் நட்டது. அதற்கு ஏற்கெனவே ஒரு பெயரும் இருந்தது. அவர் சொன்னது சரி என்பது இங்கே முக்கியமில்லை. நாக்கை வைத்துச் சொன்னார். அது அறிவியல் இல்லை.

செடியைத் தப்பாக அடையாளம் கண்டவர் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே அவர் ஒரு தப்புச் செய்ய வேண்டியிருந்தது. அவராகச் செய்கிற மாதிரி தெரியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன்.

“வாங்க டாக்டரே. மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, பசிக்கு வந்தீங்களா?”

நறுக்கிய கீரை கிண்ணத்தில் இருந்தது. முட்டை எடுக்கக் கோழிக்கூட்டுக்குப் போனார். என் தோட்டத்து நாபி என்ற விஷச்செடியின் தளிரை நான் வீட்டிலேயே பொடியாக நறுக்கி எடுத்து வந்திருந்தேன். அதைக் கலந்துவிட்டு, பின்னால் வந்து பார்க்கிறவர்களுக்காக முழு இலை ஒன்றை அவர் கீரை பறித்த கூடையின் அடியில் போட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினேன்.

எட்னாவோடு வில்ஃபும் இறந்தார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

எட்னா விஷச்செடியைத் தவறிப் பறித்துவிட்டார் என்று ஊரே சொன்னது. இரங்கல் கூட்டத்தில் நானே பேசினேன். அதன்பிறகுதான் லண்டன் அருங்காட்சியகத்திலிருந்து அவர் பெயருக்குக் கடிதம் வந்தது. சாவதற்கு முன்பே ஓடைக்கரை இலையை அனுப்பி வைத்திருக்கிறார். அவர் சொன்னது சரியாம். இவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கத் தெரிந்தவர் நாபியையா கோட்டை விடுவார் என்று கேட்கிறீர்கள். ஒரு பஸ் டிரைவரின் நாக்கை நம்பி என்னை இங்கே உட்காரவைத்திருக்கிறீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் கலந்தேன். ஆனால் என்றைக்காவது ஒருநாள் அவர் தப்பாகத்தான் பறித்திருப்பார், அரைகுறைகள் எல்லோருமே அப்படித்தான். நான் அந்த நாளைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தேன், அவ்வளவுதான்.