அஞ்சு கியர் வேணாம்ணே

இல்லண்ணே, சேரும்னு எனக்கும் தெரியும்லா. அதே எஞ்சினோட வந்த கியர்பாக்ஸு, போல்டுக்கு போல்டு வந்து உக்காரும். அது தெரியாமயா லூனாஸ்லேர்ந்து கூட்டாளி மோட்டோர் சைக்கிள இரவல் வாங்கிக்கிட்டு வந்து நிக்கிறேன்? சேராதுன்னு நீங்க சொல்லணும். எங்கப்பா இப்ப வந்துருவாரு. அந்த அஞ்சு கியரத் தூக்கி உள்ள வச்சிட்டு, கிளட்ச் இல்லாத ஆட்டோ கியர்தான் இந்தக் காடிக்குத் தோதுன்னு ஒரு வார்த்த. அவ்ளோதான்.

காளிதாசன் மகன்ணே. பழைய டிஎக்ஸ் காடி, கருநீலக் காரு... ஆங், அவர்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்றவரு. போன மாசம் உங்க கடைலதான எஞ்சின் எடுத்தாரு? நீங்ககூட போன் அடிச்சீங்களே, அலோ காளி, சாமான் எறங்கிருச்சிலா, இன்னிக்கு வரலன்னா வேற ஆளு தூக்கிட்டுப் போயிருவான், அப்புறம் பரஞ்சோதி சொல்லலன்னு சொல்லாத... என்னண்ணே சிரிக்கிறீங்க? உங்கள மாதிரியே இருக்கா? இது சும்மா. டிசிப்ளின் வாத்தியார் குரல்ல மைக்ல பேசி, ஃபார்ம் ஃபோர் பசங்க மொத்தத்தையும் வெயில்ல திடல்ல வரிசையா நிக்க வச்சவன் நானு. வாத்தியாரே வெளிய வந்து, யார்ரா இவனுங்கள நிக்கச் சொன்னதுன்னு முழிச்சாரு.

தெரியும்ணே. அந்த எஞ்சினுக்கு ஆட்டோ போட்டா பாவம்தான். எங்கப்பாவே சொல்வாரு, தொண்டையச் செருமிக்கிட்டு, ம்ஹ்ஹும், டேய், ஆட்டோ காடிங்கறது சோபா மாதிரிலா, உக்காரலாம், ஓட்ட முடியாது. அப்படிப்பட்ட மனுசன்கிட்ட நான் போயி ஆட்டோன்னு சொன்னா செருப்பு பறக்கும். நீங்க சொன்னா கேப்பாரு.

யாரு ஓட்டறதுக்கா? அம்மாதான். அவங்களுக்கு ஆட்டோ லைசென்ஸ் மட்டுந்தான் இருக்கு, கிளட்ச் காடியத் தொட்டா போலீஸ் சம்மான் வந்துரும், அதான்.

ஆனா அவரு சும்மா நம்ப மாட்டாருண்ணே. டேப்பு வச்சி அளப்பாரு, குனிஞ்சி பாப்பாரு. அதனால சேராதுன்னுகூட வேணாம். உள்ள ரெண்டாவது கியர் பல்லு போயிருச்சி, வேற பாக்ஸு எப்ப வரும்னே தெரியலன்னு சொல்லிருங்க. பல்லு உள்ளதான இருக்கு, பிரிச்சா பாக்கப் போறாரு? ஆட்டோ பாக்ஸு நீளம், ஷாஃப்ட வெட்டணும், முன்னாடி ஆயில் கூலர் வைக்கணும், எல்லாம் பாத்து வச்சிருக்கேன். வேல கூடத்தான். உங்களுக்கு லாபம்தானண்ணே.

அலாமாக், போன எடுக்காதீங்க! அப்பாக்கு அடிக்காதீங்கண்ணே. சரி, சரி. அம்மாக்கு லைசென்ஸே இல்ல. குணவதின்னு பேரு, சைக்கிள்கூட ஓட்டாது. பொய்தான் சொன்னேன். வைங்க போன.

செவ்வாக்கிழம அப்பா போன் மேசைல சார்ஜுல கெடந்துச்சி. அவரு பாத்ரூம்ல காலு கழுவிக்கிட்டு இருந்தாரு. ஷூ கடிச்சிருச்சின்னு ரொம்ப நாளா கட்டுப் போட்டுக்கிட்டுத்தான் வேலைக்குப் போறாரு. போன் அடிச்சிச்சி. கிரெடிட் கார்டு விக்கிறவன்னு நெனச்சி, கொஞ்சம் ஆட்டங்காட்டுவோம்னு எடுத்தேன். ம்ஹ்ஹும், யா, காளிதாசன். அச்சு அசல் அப்பா. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி மிஸ்ஸி, நர்ஸு. மெதுவா மலாய்ல பேசுச்சி, நல்ல கொரலு. என்சிக் காளிதாசன், கட்டில் கெடச்சிருச்சி, திங்கக்கிழம காலைல வந்துருங்க, இடது காலு, முட்டிக்குக் கீழ எடுக்கறதுக்கு டாக்டர்கிட்ட சரின்னு சொல்லிட்டீங்கல்ல, அதான். அப்புறம், வீட்ல சொல்லிட்டீங்களான்னு கேட்டுச்சி.

சொல்லிட்டேன்னேன். அப்பா குரல்லயேதான்.

எங்கண்ணே சொன்னாரு? அம்மாகிட்ட சொல்லல, என்கிட்ட சொல்லல. டாக்டர்கிட்ட மட்டும் சரின்னுட்டு, வந்து உங்களுக்குப் போன் போட்டு அஞ்சு கியர் எடுத்து வைங்கன்னுருக்காரு. எதுக்கு? எந்தக் கால வச்சி கிளட்ச மிதிக்கப் போறாரு? நேத்து சாயங்காலம் எஞ்சின் மட்டும் இருக்கற காடில ஏறி உக்காந்து, ஸ்டீரிங்கப் புடிச்சிக்கிட்டு, கிளட்ச அமுக்கி அமுக்கிப் பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் பாக்காத மாதிரி கோழிக்குத் தீனி போடப் போயிட்டேன்.

இன்னிக்கு வெள்ளிண்ணே. கட்டில் கெடச்சத இன்னும் அவருகிட்ட நான் சொல்லல. எத்தன பேரு மாதிரி பேசறேன், இத எப்படிப் பேசறதுன்னு தெரியல. முதல்ல கியர்பாக்ஸு முடியட்டும். வீட்டுக்குப் போற வழில எங்கயாச்சும் தே தாரிக் குடிக்க நிறுத்தச் சொல்லி, சொல்லிருவேன்.

அந்தா, சிக்னல்கிட்ட, செவப்பு மோட்டோர். அவர்தான். காலப் பாருங்க, வெரலு வைக்க முடியாம குதிகாலால கியர் மாத்தறாரு. நீங்க எதுவும் கேக்காதீங்க, என்னண்ணே? பல்லு போயிருச்சின்னு மட்டும் சொல்லுங்க.

வலது காலு நல்லாருக்குண்ணே. ஆட்டோவுக்கு அது ஒண்ணு போதும்ல?